கணக்கு வீட்டுக்குள், கதை வீதிக்கு!



உலகம் தட்டையா, உருண்டையா? இப்படியொரு வழக்கு மறுபடியும் மன்றேறி நிற்கிறது. "இஃதென்ன விந்தை! 1969-இல் மனிதன் நிலவிலே காலூன்றிவிட்டான். 2023 ஆகஸ்ட் 23-இல், நமக்கு அண்மையிலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய சந்திரயான்-3 நிலவின் தென்முனைப் பக்கம் போய் இறங்கியும்விட்டது. இன்னுமா இந்த வழக்கு?" என்று நகைப்பீர்கள். நகையுங்கள், குற்றமில்லை. நகைத்து முடித்த பின், வீட்டுப் பிள்ளையின் கையிலுள்ள கைப்பேசியைச் சற்றே வாங்கிப் பாருங்கள். உலகம் தட்டையே என்று சாதிக்கும் படங்கள் அதிலே ஓடக் காண்பீர்கள். கடல்நீர் எங்கேனும் வளைந்து கிடக்கக் கண்டதுண்டா, சுழலும் பந்தின் மேல் நிற்பவனுக்குத் தலை சுற்றாதா, கண்ணை நம்பாமல் ஏட்டை நம்புவானேன் என்று கம்பீரமான குரலொன்று கேள்விக்கணை தொடுக்கும். பின்னணியில் இசை வேறு! பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை நிமிர்ந்து, "உருண்டை என்பதற்கு என்ன சான்று அப்பா?" என்று கேட்டால் என்ன விடை பகர்வீர்கள்? "பள்ளிக்கூடப் புத்தகத்தில் போட்டிருக்கிறது" என்பீர்கள்.

போதாது, தோழரே, அந்த விடை போதாது. ஏன் போதாது என்பதைக் காஞ்சி மாநகரின் கதை கொண்டே சொல்ல விழைகிறேன்.

அதற்கு முன் ஒன்று. மேடையேறிப் பழகியவன் நான், நாடகமும் எழுதுகிறவன். பட்டிமன்றம் ஒன்றில் ‘தட்டை’ அணிக்கு என்னைத் தலைவனாக்கிப் பாருங்கள். அரைமணி நேரம் அடுக்குமொழி பேசி, எதிரணியை இரண்டு இடத்தில் எள்ளி நகையாடி, கைதட்டலோடு இறங்கி வந்துவிடுவேன். நாவன்மைக்கு அத்தனை வலிமை உண்டு; அத்தனை ஆபத்தும் உண்டு. இங்கிலாந்திலே 1870-இல் இதே வழக்கு ஐந்நூறு பவுன் பந்தயத்தோடு நடந்தது. ஹாம்ப்டன் என்பவர் ‘உலகம் உருண்டை என்று மெய்ப்பிக்க வல்லார் உண்டோ?’ என்று அறைகூவினார். டார்வினோடு ஒருசேரப் பரிணாமக் கொள்கை கண்ட அறிஞர் வாலஸ் அதை ஏற்றார். நேர்கோடாய் ஓடும் பெட்போர்டு கால்வாயில், ஆறு மைல் இடைவெளியில் இருந்த இரு பாலங்களுக்கு நடுவே, நீருக்கு மேல் சம உயரத்தில் குறிகள் வைத்துத் தொலைநோக்கியால் பார்த்தார்கள். நடுக்குறி மேலெழுந்து நின்றது. நீரின் முதுகு வளைந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. நடுவர் வாலஸ் பக்கம் தீர்ப்புரைத்தார். முடிந்ததா? முடியவில்லை! ஹாம்ப்டன் ஆண்டுக்கணக்கில் வாலஸைத் தூற்றினார், அவதூறுக்காகச் சிறையும் சென்றார். பந்தயம் சட்டப்படி செல்லாது என்று வழக்காடிப் பணத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டார். வென்றவர்தான் நொந்தார். வாயடைக்க நினைப்பவன் வாலஸின் கதையை அறிந்துவைத்துக்கொள்வது நல்லது.

இனிக் காஞ்சிக்கு வருவோம்.

‘லோகவிபாகம்’ என்று ஒரு சமண நூல். உலகத்தின் அமைப்பைப் பகுத்துரைப்பது. சர்வநந்தி என்ற முனிவர் பாகதத்தில் இயற்றினார். அந்த மூலம் மறைந்தது. சிம்மசூரி என்பார் செய்த வடமொழி ஆக்கம் நம் கைக்குக் கிட்டியிருக்கிறது. நூல் எழுந்த காலத்தை அது தானே சொல்கிறது: காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22-ஆம் ஆட்சியாண்டு, சக ஆண்டு 380. நம் கணக்கில் அது கி.பி. 458. பல்லவர் காலவரிசையைக் கட்டுவோருக்கு இந்தக் குறிப்பு ஊன்றுகோல். எழுதப்பட்ட இடம் பாடலிகம் என்கிறது நூல். அது இன்றைய கடலூரைச் சேர்ந்த திருப்பாதிரிப்புலியூர் என்று அறிஞர் பலர் கொள்வர். அதிலே உலகம் எப்படியிருக்கிறது? வட்டத் தட்டாக இருக்கிறது! நடுவே மேருமலை. சுற்றிலும் நாவலந்தீவு, ஓரிலட்சம் யோசனை அகலம். அதைச் சூழ்ந்து உப்புக்கடல், பின் ஒரு தீவு, பின் ஒரு கடல், ஒவ்வொன்றும் முன்னதைப் போல் இருமடங்கு. நாவலந்தீவுக்கு ஞாயிறு இரண்டு, திங்கள் இரண்டு!

சிரிக்க அவசரப்படாதீர்கள். அதே நூலில்தான், சுழியத்தோடு கூடிய இடமதிப்பு முறையிலே பேரெண்கள் சொல்லப்படுகின்றன. இன்று உலகமெல்லாம் எழுதும் எண்முறைக்குக் காலங்குறித்த மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றாகக் கணித வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டுவது இந்த லோகவிபாகத்தைத்தான். எண்ணறிவு வானளாவி நிற்கிறது. உலகமோ தட்டையாய்க் கிடக்கிறது. கணக்குப் பிழையாததாலேயே கருத்தும் பிழையாது என்று எண்ணிவிடலாகாது என்பதற்கு இதைவிட நல்ல காட்டு ஏது?

நாற்பத்தொரு ஆண்டுகள் சென்றன. கி.பி. 499. இருபத்துமூன்று வயது இளைஞர் ஆரியபட்டர், வடக்கே குசுமபுரத்தில் இருந்தவர், உலகம் வெளியிலே தொங்கும் உருண்டை என்று எழுதினார். கடம்பம்பூவின் மேல் எப்பக்கமும் இதழ் அரும்பியிருப்பதுபோல் உலகக் கோளத்தின் மேல் எப்பக்கமும் உயிர்கள் இருக்கின்றன என்று உவமையும் சொன்னார். முருகனுக்குச் சூட்டும் கடம்பை உருட்டி வைத்துப் பாருங்கள். மேலது எது, கீழது எது? நிலவை மறைப்பது உலகத்தின் நிழல், ஞாயிற்றை மறைப்பது நிலவு என்றும் அவர் அறுதியிட்டார். பாம்புக்கு அங்கே வேலை இல்லாமற் போயிற்று.

இந்தக் கணக்கு தெற்கே வந்தது. மலையாள நாட்டிலும் தமிழ்நாட்டிலும் வேரூன்றியது. கி.பி. 1300-ஐ ஒட்டி ‘வாக்கியகரணம்’ என்ற நூல் எழுந்தது. ஆசிரியர் பெயர் தெரியவில்லை. காஞ்சி வட்டாரத்தவர் என்று ஆய்வாளர் கருதுவர். 1962-இல் குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும் அதைச் சென்னையில் பதிப்பித்தார்கள். இன்றும் தமிழகத்தில் அச்சாகும் வாக்கியப் பஞ்சாங்கத்துக்குத் தாய்நூல் அது. ஆரியபட்டர் வழிவந்த கணக்கு; கிரகணம் என்றால் உலகத்து நிழலின் விட்டம் இவ்வளவு, நிலவின் விட்டம் இவ்வளவு, இவ்வளவு மறையும், இத்தனை நாழிகை நீடிக்கும் என்று எண்ணிச் சொல்லும் கணக்கு. உருண்டை உலகமும் அதன் நிழலும் இல்லாமல் அந்தக் கணக்கு ஓரடி நகராது!

அப்படியானால், தோழரே, காஞ்சியின் கணக்கர் வீட்டுக்குள் உலகம் உருண்டை; எழுநூறு ஆண்டுகளாக உருண்டை. வீட்டுத் திண்ணையைத் தாண்டி வீதிக்கு வந்ததும்? வீதியிலே பாம்பு நிலவை விழுங்குகிறது! விழுங்கும் நேரத்தை எவர் குறித்துக் கொடுத்தது? நிழலை அளந்த அதே கை! ‘இன்ன நாழிகைக்குப் பிடிக்கும், இன்ன நாழிகைக்கு விடும்’ என்று நிழற்கணக்கைப் போட்டுப் பாம்பின் பெயரால் அறிவித்தார்கள். கணக்கு வீட்டுக்குள், கதை வீதிக்கு!

இதை நான் ஒருவன் கண்டுபிடித்துச் சொல்லும் குற்றச்சாட்டென்று நினைக்கவேண்டாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, கி.பி. 1030-ஐ ஒட்டி, அல்பெரூனி என்ற பேரறிஞர் எழுதி வைத்தார். பிரம்மகுப்தர் என்ற கணித மேதை, கி.பி. 628-இல் எழுதிய தம் நூலில், கிரகணத்துக்கு இராகு காரணமன்று என்போர் வேதத்துக்கும் ஸ்மிருதிக்கும் மாறுபட்டோர் என்று ஆரியபட்டர் முதலானோரைக் கடிந்தார். கடிந்த அவரே, கிரகணத்தைக் கணக்கிடும்போது நிழலின் விட்டத்தைத்தான் கணக்கிட்டார். அல்பெரூனி இதைப் படித்துத் திகைத்தார். இத்தனை அறிவுடையவர் மனச்சான்றுக்கு மாறாக இப்படி எழுதுவானேன் என்று வினவி, சாக்ரட்டீஸுக்கு நேர்ந்தது போன்ற ஓர் இடர் இவருக்கும் நேர்ந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். மேதையைப் பழிக்கவில்லை, அவரை அப்படி எழுத வைத்த அச்சத்தைச் சுட்டினார். நஞ்சுக் கிண்ணம் கையில் ஏந்தாமலே சாக்ரட்டீஸுக்கு நேர்ந்தது ஒருவருக்கு நேரலாம். ஊர் என்ன சொல்லுமோ என்ற நினைப்பொன்று போதும்.

மேலைநாட்டான் யோக்கியன் என்று இதற்குப் பொருளில்லை. உலகம் ஞாயிற்றைச் சுற்றுகிறது என்ற கலிலியோவை 1633-இல் மண்டியிட வைத்தவர்கள் அங்கேயும் இருந்தார்கள். அதை விரித்தால் ஞாயிறு மலரில் இடம் போதாது.

அறிவை வீட்டுக்குள் பூட்டி வைத்தால் என்ன ஆகும்? வீட்டுக்குள்ளேயே செத்துப்போகும்! இதற்கும் சான்று உண்டு. 1825-இல் ஜான் வாரன் என்ற அதிகாரி ஒரு நூல் வெளியிட்டார். புதுச்சேரியில் தாம் கண்ட தமிழ்ப் பஞ்சாங்கக் கணக்கர் ஒருவரைப் பற்றி அதிலே எழுதுகிறார். தாளில்லை, எழுதுகோலில்லை, தரையிலே சோழிகளைப் பரப்பி, மனப்பாடம் செய்த வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லி, 1825 மே 31 இரவு நிகழவிருந்த சந்திரகிரகணத்தை அவர் கணித்துக் கொடுத்தார். தொடக்கத்தில் பிழை நான்கே நிமிடம். முடிவில் ஐம்பத்திரண்டு நிமிடம். நினைத்தால் மெய்சிலிர்க்கிறது! ஆயினும் வாரன் கூடவே ஒன்று சொல்கிறார்: அந்தக் கணக்கின் அடிப்படைக் கோட்பாடு கணித்தவருக்குத் தெரியாது. என்ன செய்யவேண்டும் என்பது தெரியும், ஏன் என்பது தெரியாது. நிழல் இருந்த இடத்தில் சோழி இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் கணித வரலாற்றறிஞர் நியூகேபவர் இந்தக் குறிப்பை வியந்து 1952-இல் ஆய்வுக் கட்டுரை எழுதினார். நம்மவர் நாவிலே ஓடிய வாக்கியத்துக்கு நாமறிய அயல்நாட்டார் பொருள் சொல்ல வேண்டியதாயிற்று.

பூட்டிய அறிவைப் பிறர் வந்து அசைத்துப் பார்ப்பதும் எளிது. யாழ்ப்பாணத்தில் அதுதான் நடந்தது. வட்டுக்கோட்டைக் குருமடத்தில் 1823 முதல் அமெரிக்கப் பாதிரிமார் வானநூல் கற்பித்து வந்தார்கள். 1829 மார்ச் மாதத்துச் சந்திரகிரகணத்துக்கு அராலி விசுவநாத சாஸ்திரியார் பஞ்சாங்கத்தில் நேரம் குறித்திருந்தார். அவர் பெயர் பெற்ற கணிதர். அவர் குறித்த தொடக்கத்தில் ஏறத்தாழக் கால் மணி நேரம் பிழை என்று பாதிரியார் டேனியல் பூவர் முன்கூட்டியே அறிவித்தார். ஊர் திரண்டு காத்திருந்தது. பாதிரியார் சொன்ன நேரத்துக்கே நிழல் தொட்டது. புராண உலகம் பொய், ஆகவே உங்கள் சமயமே பொய் என்று பறைசாற்றப் பாதிரிமாருக்கு அந்தக் கால் மணி நேரம் போதுமானதாயிற்று. வேடிக்கை பாருங்கள்: சாஸ்திரியாரும் உருண்டை உலகத்தின் நிழலைத்தான் கணித்தார், பாதிரியாரும் அதையேதான் கணித்தார்! இருவருக்கும் வேறுபாடு சில நிமிடம். ஊருக்கு மட்டும் அது தெரியாது. ஊர் பாம்பை நம்பி நின்றது. நிழலென்று ஊருக்கு உரைத்திருந்தால், அன்று தோற்றது ஒரு பழைய வாய்பாடு என்ற அளவோடு போயிருக்கும். ஓர் இனத்தின் அறிவே தோற்றுவிட்டதென்ற தாழ்வுணர்ச்சி வந்திராது.

பழங்கதை எதற்கு என்பீர்கள். 2025 செப்டம்பர் 7 இரவை நினைவிருக்கிறதா? முழுச் சந்திரகிரகணம். இரவு 9.57-க்கு நிழல் தொட்டது. பதினொரு மணி முதல் ஒரு மணி 22 நிமிடம் நிலவு செம்பாய்க் கனன்றது. அன்றிரவு கோயில் நடைகள் சாத்தப்பட்டன. அது அவரவர் மரபு, அதன் மேல் எனக்கு வழக்கில்லை. எனக்கு வழக்கு வேறிடத்தில். அன்றிரவு எத்தனை வீடுகளில் கருவுற்ற பெண்கள் கதவடைத்த அறையிலே வைக்கப்பட்டார்கள்! பச்சைத் தண்ணீரும் கூடாது, காய் நறுக்கக் கூடாது, சாளரத்தைத் திறக்கக் கூடாது. திறந்தால் பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும்! தறியிலே பகலெல்லாம் கால் மிதித்து, வயிற்றுச் சுமையோடு வந்து படுத்தவளுக்குப் பசி. எழுந்து ஒரு வாய் உண்ண அச்சம். எதைக் கண்டு அச்சம்? தான் நிற்கும் மண்ணின் நிழலைக் கண்டு! நிழல் என்று அறிந்தவர்கள் நாழிகை குறித்துக் கொடுத்தார்கள். அறியாதவள் பட்டினி கிடந்தாள். தட்டையா உருண்டையா என்ற வழக்கு பொழுதுபோக்குப் பட்டிமன்றம் என்று எவரேனும் சொன்னால், அவளைக் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

இப்போது அந்தப் பிள்ளையிடம் திரும்புவோம். ‘பள்ளிக்கூடப் புத்தகத்தில் போட்டிருக்கிறது’ என்ற விடை ஏன் போதாது என்பது விளங்கியிருக்கும். பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது என்று பாட்டன் சொன்னான். பாடநூலில் போட்டிருக்கிறது என்று நீங்கள் சொல்கிறீர்கள். காரணம் சொல்லாமல் கொடுத்த உண்மையைக் கைப்பேசிக்காரன் ஒரே மாலையில் தட்டிப் பறித்துக்கொள்கிறான். பறிகொடுத்த பிள்ளையைத் திட்டிப் பயனென்ன? கண்ணை நம்பு என்று அவன் சொன்னதையே நாமும் சொல்வோம். ஆனால் கண்ணுக்குக் கோல் ஒன்றும் கொடுப்போம்.

பிள்ளையார்பாளையத்தில் விடியற்காலையில் தெருவிலே பாவு நீட்டிக் கட்டுவதைக் கண்டிருப்பீர்கள். இழை தொய்ந்தால் நெசவாளிக்குப் பொறுக்காது; இழுத்து இழுத்து நேராக்குவார். இருபது மீட்டர் நீளப் பாவு என்று வையுங்கள். அந்த நேர்க்கோட்டிலிருந்து, அதன் மறுமுனைக்குள் உலகம் எவ்வளவு வளைந்து கீழிறங்கியிருக்கும்? ஒரு மில்லிமீட்டரை முப்பது கூறாக்கி அதில் ஒரு கூறு! பட்டிழையைப் பிரித்தறியும் விரலுக்கும் எட்டாத அளவு. தெரு முழுதும் நூறு மீட்டர் என்றால் முக்கால் மில்லிமீட்டர். தட்டையாகத் தோன்றுவதில் வியப்பென்ன? நம் கண்ணில் பழுதில்லை. உலகம் அத்தனை பெரிது, தெரு அத்தனை சிறிது. ஆனால் தொலைவு பத்து மடங்கானால் இறக்கம் நூறு மடங்காகும். ஒரு கிலோமீட்டரில் 8 சென்டிமீட்டர். பத்துக் கிலோமீட்டரில் 8 மீட்டருக்குச் சற்றே குறைவு. இருபத்தேழு கிலோமீட்டரில் 57 மீட்டர்.

57 மீட்டர் என்பது என்ன என்று தெரிகிறதா? ஏகாம்பரநாதர் கோயிலின் இராசகோபுரம் ஏறத்தாழ அந்த உயரம்! கிருட்டிணதேவராயர் 1509-இல் எழுப்பிய கோபுரம், ஏறத்தாழ 190 அடி. வண்டி கட்டிக்கொண்டு திருவிழாவுக்கு வந்த நம் முன்னோர், முதலிற் கண்டு கும்பிட்டது எதை? கலசத்தை. பிறகு மேல்நிலைகள், பிறகு நடுநிலைகள், கடைசியில்தான் வாயில். மரமும் வீடும் புழுதியும் மறைப்பது உண்டு. காற்றில் ஒளி வளைந்து சற்று ஏமாற்றுவதும் உண்டு. ஐயமெனில் மாமல்லபுரக் கடற்கரைக்குப் போங்கள். அங்கே மரமில்லை, வீடில்லை. கரையிலிருந்து விலகும் கப்பலில் முதலில் மறைவது அடித்தட்டு. எந்தத் தொலைநோக்கியை வைத்துப் பெருக்கினாலும், மேற்பகுதி பெரிதாகுமேயன்றி மூழ்கிய அடித்தட்டு மேலெழுந்து வராது. கோபுரத்தைக் கண்டால் கோடி புண்ணியம் என்பர். கலசத்தை முதலிற் கண்டவனுக்குக் கோளமும் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னும் ஒரு சோதனை. இது சற்றுக் கணக்கு. ஆயினும் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவனுக்கே விளங்கியது, உங்களுக்கு விளங்காதா? ஆண்டுதோறும் ஏப்ரல் 24-ஐ ஒட்டிக் காஞ்சியில் நண்பகலில் ஞாயிறு நேர் உச்சியில் நிற்கும். செங்குத்தாய் நட்ட கோலுக்கு நிழல் இராது. நிழலில்லா நாள் என்பார்கள். அன்று கன்னியாகுமரியில் நட்ட ஒரு மீட்டர் கோலுக்கு எட்டுச் சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நிழல் விழும். ‘உலகம் வளைந்திருப்பதால்’ என்பீர்கள். தட்டையணிக்காரர் குறுக்கிடுவார்: ‘ஞாயிறு அண்மையில் இருந்தால் தட்டைத் தரையிலும் இப்படி விழுமே! கூடத்து நடுவிளக்கின் நேர்கீழே இருப்பதற்கு நிழலில்லை, மூலையில் இருப்பதற்கு உண்டு.’ அவர் சொல்வது சரி! இரண்டு கோலை மட்டும் வைத்து அவரை மறுக்க இயலாது. மறுத்துவிட்டதாகச் சொல்லும் நம்மவர் பலர் இவ்விடத்தில் வழுக்கி விழுகிறார்கள். அவர் கணக்குப்படி ஞாயிறு காஞ்சிக்கு மேலே ஏறத்தாழ 6,300 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கவேண்டும். இருக்கட்டும். மூன்றாவது கோலை மாஸ்கோவில் நடுவோம். காஞ்சியின் அட்சக்கோட்டிலிருந்து வடக்கே ஏறத்தாழ 4,760 கிலோமீட்டர். அவருடைய தட்டை உலகில், அன்று அந்நகரத்து நண்பகலில் ஒரு மீட்டர் கோலின் நிழல் 75 சென்டிமீட்டர் இருக்கவேண்டும். விழும் நிழலோ 93 சென்டிமீட்டர்! உருண்டைக் கணக்கு சொல்வதும் அதுவே. இடையிலுள்ள பதினெட்டுச் சென்டிமீட்டரை எந்த அடுக்குமொழியாலும் அடைக்க முடியாது. நானே ‘தட்டை’ அணிக்குத் தலைவனானாலும் அவ்விடத்தில் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும்.

இந்தக் கோல் விளையாட்டைப் பெரிய அளவில் நம் மண்ணிலேயே ஆடிக் காட்டிய ஒருவர் உண்டு. வில்லியம் லாம்ப்டன், கும்பெனிப் படையதிகாரி. 1802 ஏப்ரல் 10-இல் பரங்கிமலை அருகே சங்கிலியைக் கிடத்தினார். ஏழரை மைல் அடிக்கோட்டைச் சித்திரை வைகாசி வெயிலில் பெரும்பாக்கம் வரை அளந்து முடிக்க மே 22 ஆயிற்று. நூறடி எஃகுச் சங்கிலி அது. சீனப் பேரரசனுக்குப் பரிசாகச் சென்ற பொருள்களோடு போய், அங்கே செலவாகாமல் இங்கே வந்து சேர்ந்தது. அரைடன் எடையுள்ள கோணமானியை மலையிலும் கோபுரத்திலும் ஏற்றி முக்கோணம் முக்கோணமாய் நாட்டை அளந்தார். ஏற்றியவை நம் உழைப்பாளர் தோள்கள். அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மீது இழுத்தேற்றுகையில் கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கியது. அதைத் தம் கையாலேயே நிமிர்த்திச் செப்பனிட்டார் அந்த மனிதர். கும்பெனிக்கு வேண்டியது வரி வசூலிக்கவும் படை நடத்தவும் நிலப்படம். லாம்ப்டனுக்கு வேண்டியது உலகத்தின் உண்மை உருவம்.

அவர் அளந்த முதல் வடக்குத் தெற்கு வில்லின் தென்முனை எது தெரியுமா? கடலூர்ப் பக்கத்துத் திருவகீந்திரபுரம். அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 175 கிலோமீட்டர். காஞ்சியின் அட்சக்கோடு அதற்குள் அடங்கும். இரு முனையிலும் ஒரே விண்மீன்கள் உச்சியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்று இரவிரவாய் அளந்தார். வேறுபாடு ஒரு பாகை 34 கலை 56 விகலை. ஒரு பாகைக்கு ஏறத்தாழ 110.6 கிலோமீட்டர் என்று வந்தது. 360-ஆல் பெருக்கிப் பாருங்கள், உலகத்தின் சுற்றளவு வந்துவிடும். வடமுனைப் பக்கம் அதே பாகை 111.7 கிலோமீட்டர். ஆக, உலகம் பந்துபோல் முழு உருண்டையும் அன்று. முனைகளில் சற்றே அமுங்கியது. லோகவிபாகம் எழுந்த திருப்பாதிரிப்புலியூருக்கும் லாம்ப்டன் கருவி நின்ற திருவகீந்திரபுரத்துக்கும் இடையே நடந்தே போய்விடலாம். தட்டை உலகத்தை வரைந்த எழுத்தாணியும் உருண்டை உலகத்தை அளந்த சங்கிலியும் ஒரே கெடில நாட்டு மண்ணில்! நடுவே ஆயிரத்து முந்நூற்று நாற்பத்துநான்கு ஆண்டுகள். லாம்ப்டன் 1823-இல் வழியிலேயே இறந்தார். மற்றவர் தொடர்ந்து இமயம் வரை கொண்டுபோனார்கள். புகழும் மலையின் பெயரும் எவரெஸ்டுக்குப் போயின.

சர்வநந்தி முனிவர் மேல் எனக்குச் சினமில்லை. தமக்குத் தெரிந்ததை நாளும் ஆண்டும் குறித்து, ஊரும் மன்னனும் குறித்து, எவரும் படித்து ஆராயும்படி எழுதிவைத்தார். பிழையாயினும் திறந்த பிழை. அதைத் திருத்த முடிந்தது. வீட்டுக்குள் உண்மையை வைத்துக்கொண்டு வீதிக்குக் கதை அனுப்பியவர்களிடம்தான் நம் கணக்கு இன்னும் தீரவில்லை.

2028 டிசம்பர் 31. அந்த இரவைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முழுச் சந்திரகிரகணம் நம் வானிலே நிகழும். எட்டரை மணி கடந்ததும் நிழல் தொடும், நள்ளிரவையொட்டி விலகும். புத்தாண்டை வரவேற்க ஊரே வீதியில் இருக்கும் நேரம். கருவுற்ற மகளுக்கு வயிறார உணவிட்டு, மொட்டைமாடியிலே நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். கேள்வி கேட்ட பிள்ளையையும் பக்கத்தில் இருத்துங்கள். நிலவின் மேல் ஊரும் அந்தக் கருமையின் விளிம்பைத் தாளில் வரையச் சொல்லுங்கள், கால் மணிக்கு ஒருமுறை. வட்டத்தின் வளைவாகவே அது ஒவ்வொரு முறையும் வரும்.